வெயில் குறைந்த வீடு மேலான வீடு

செம்மண்பேரியில் வெயிலைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளைந்ததில்லை. அந்த வெயிலையும் பென்ஷனர் காலனியில் குடியிருந்தவர்கள், தெரியாத்தனமாகத் தங்கள் தலையில் கட்டப்பட்ட மட்டமான சரக்கைப் போலத்தான் பார்த்தார்கள். அரசாங்கத்தில் ஆயுசெல்லாம் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றவர்கள் கட்டிய வீடுகள் அவை. வீட்டுக்கு ஒரு போர்டிகோ, போர்டிகோவுக்கு ஒரு கார், காரை ஓட்டத்தான் ஆள் கிடையாது, ஏனென்றால் ஓட்ட வேண்டிய பிள்ளைகள் எல்லாம் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். காலையில் நடக்கப் போகிறபோது ஒருவரை ஒருவர் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதில்லை. மான்செஸ்டரில் இன்றைக்கு எட்டு டிகிரி என்பார் ஒருவர், மெல்போர்னில் பதினொன்று, ஆனால் காற்று பலம் என்பார் மற்றவர். பிள்ளையின் ஊர் வானிலையைக் கைபேசியில் பார்ப்பது தினசரி நியமம். பிள்ளையின் குரலைக் கேட்பதுதான் எப்போதாவது.

இவர்களுக்கு நடுவில், தெருவின் கடைசி வீட்டில், துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற உலகம்மை தனியாக இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அவளுக்கு இரத்த அழுத்தம் கிடையாது, சர்க்கரை கிடையாது, இளக்காரம் மட்டும்தான் உண்டு. அதையும் அவள் ஆள் பார்த்துக் காட்டியதில்லை. எல்லோரையும் ஒரே அளவில்தான் கேவலமாக நினைத்தாள். எட்டு டிகிரி என்று ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள், "ஐஸ் பெட்டிக்குள்ள அதைவிடக் கம்மி, அதுக்குள்ள போய் உக்காருதீங்களா?" என்று கேட்டுவிட்டு நடப்பாள். அவளுக்குப் பயந்து பாதிப் பேர் நடக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அப்படி இருந்த காலனிக்கு, ஒரு புரட்டாசி மாதத்தில், பிள்ளைகளின் ஊர்களிலிருந்து வானிலை வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வரவில்லை, வானிலை மட்டும் வந்தது. ஓய்வு பெற்ற செயற்பொறியாளர் ஆவுடையப்பன் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. அவர் மகன் நார்வே நாட்டின் வடகோடியில் ட்ரோம்சோ என்கிற ஊரில் இருந்தான். அன்றைக்கு விடிந்தபோது அவருடைய காம்பவுண்டு சுவருக்கு உள்ளே மட்டும் விரல் விறைக்கிற குளிரும், துவைத்த வேட்டியைப் பிழியாமல் தொங்கவிட்ட மாதிரி ஒரு வானமும் இருந்தன. சுவருக்கு வெளியே தெருவில் வழக்கமான செம்மண்பேரி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பால்காரர் கேட்டைத் திறந்து கையை உள்ளே நீட்டினார், சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார், பாக்கெட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார், மறுநாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வீட்டில் மான்செஸ்டர் தூறல் விழுந்தது. மெல்போர்ன் வீட்டில் காலையில் குளிரும் மத்தியானம் வெயிலும் சாயங்காலம் சூறைக்காற்றுமாக ஒரே நாளில் ஒரு வருஷம் நடந்து முடிந்தது. பெங்களூர் வீட்டில் சும்மா இதமாக இருந்தது, அதனால் அந்த வீட்டை யாரும் மதிக்கவில்லை. வானிலைக்கு ஒரே ஒரு நாகரிகம் இருந்தது: அங்கே ராத்திரி என்பதற்காக இங்கே பகலில் இருட்டு விழவில்லை, அங்கத்திய பகல் இங்கத்திய பகலில்தான் விழுந்தது.

ஏன் வந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு ஜோசியர் வந்து கிரகம் என்றார், கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து காற்றழுத்தம் என்றார், இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். காலனிக்குக் கவலை வேறாக இருந்தது. யார் வீட்டு வானிலை உசத்தி என்று முடிவாக வேண்டும். குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர் ஆவுடையப்பன்தான். அவர் கூட்டம் கூட்டி, வெயிலில் வேலை செய்கிறவன் கூலிக்காரன், ஆகவே எந்த வீட்டில் வெயில் குறைச்சலோ அந்த வீடுதான் மேலான வீடு என்று பேசினார். வெயில் மணிக்கணக்கை அளக்கிற கண்ணாடிக் குண்டுகளை வரவழைத்து வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் வைத்தார். குண்டின் வழியாக விழுகிற வெயில் அட்டையில் கோடு சுட்டுக்கொண்டே போகும், கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் வெயில். சாயங்காலம் ஆனால் வாட்ச்மேன் அட்டைகளைச் சேகரித்து, காலனி வாசலில் இருந்த பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்டார். மான்செஸ்டர் இரண்டு மணி நேரம். மெல்போர்ன் ஆறு. ட்ரோம்சோ ஒன்று.

அதன் பிறகு அந்தப் பலகைதான் காலனியின் பஞ்சாயத்து, கோயில், கல்யாணத் தரகர் எல்லாம். கோடு நீளமாக விழுந்த வீட்டுக்காரர்கள் பலகையைத் தாண்டும்போது செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் வெயில் எவ்வளவு என்று விசாரித்தார்கள். மான்செஸ்டர் வீட்டுச் சுவரெல்லாம் பாசி பிடித்தது. அந்த வீட்டம்மாள் சுரண்டாமல் விட்டு, வருகிறவர்களிடம் அது இங்கிலீஷ் பாசி என்று காட்டினாள். ஆவுடையப்பனின் மனைவி செண்பகவடிவு கம்பளியும் பாதம் மூடுகிற கால்மேஸும் போட்டுக்கொண்டு, அதோடேயே வெளியே காய்கறி வாங்க வந்து, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். கழற்ற மாட்டாள். கழற்றினால் ட்ரோம்சோ போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

சிரமப்பட்டவள் தெய்வானை. கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், மகன் கலிபோர்னியாவில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் வீட்டு மேலே கண்ணைத் திறக்க முடியாத வெயிலும், பொடிப்பொடியாகப் புழுதி மணலும் வந்து இறங்கின. வாட்ச்மேனின் அண்ணன் வளைகுடாவில் கொத்தனாராக இருந்தவன். அவன் ஒரு நாள் வந்து அந்த மணலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, இது குவைத் என்று சொல்லிவிட்டான். காலனிக்கு அன்றைக்குப் பண்டிகை. ஒவ்வொருத்தராக அவள் கேட் வழியாக நடந்துபோனார்கள், கலிபோர்னியா எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஆனால் மறுவாரமே அதே ஆட்கள் மிளகாய், மல்லி, வடகமெல்லாம் சுளகில் எடுத்துக்கொண்டு அவள் மொட்டைமாடிக்கு வந்தார்கள், ஏனென்றால் மேலான வீடுகளில் எதுவும் காயவில்லை. கேவலம் பேசின வாயோடு வந்து காயப்போட்டார்கள், காய்ந்ததும் எடுத்துக்கொண்டு கேவலம் பேசிக்கொண்டே போனார்கள்.

உலகம்மை இதையெல்லாம் தன் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்து, பொய் சொன்னவளையும் இகழ்ந்தாள், அதைக் கண்டுபிடித்துக் கும்மாளம் போட்டவர்களையும் இகழ்ந்தாள். அவள் வீட்டுக்கு எந்த வானிலையும் வரவில்லை. செம்மண்பேரி வெயில் எப்போதும் போல் அடித்தது. அதைப் பற்றி அவளிடம் கேட்கிற தைரியம் முதலில் யாருக்கும் வரவில்லை.

அவளுக்கு ஒரே மகள், பூரணி. பொறியியல் படித்து, சென்னையில் வேலை கிடைத்து, ஆறு மாதத்தில் அதை விட்டுவிட்டு வந்து, ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னவள். அவனையும் ஒரு தடவை கூட்டி வந்தாள். அவன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து உட்காராமல் நின்றான். உலகம்மை அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன பெயர், அப்பா அம்மா யார் என்று ஒரு லாரி டிரைவரிடம் கேட்பதே தன் தகுதிக்குக் குறைச்சல் என்று நினைத்தாள். பூரணி அவன் பெயரைச் சொல்லத்தான் சொன்னாள், உலகம்மை அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் போனவர்கள்தான். பிறகு ஒரு தடவை புது நம்பரிலிருந்து போன் வந்தது, உலகம்மை எடுக்கவில்லை, அந்த நம்பரையும் அழித்துவிட்டாள். அதற்கப்புறம் அதுவும் வரவில்லை. ஊர் பெயர் தெரியாது, மருமகன் பெயர் தெரியாது. தேட வேண்டும் என்றால் எங்கே இருந்து தொடங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியாத அளவுக்கு அவளுடைய இளக்காரம் சுத்தமாக வேலை பார்த்திருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் செண்பகவடிவு கம்பளியும் கால்மேஸுமாக வந்து உட்கார்ந்தாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, குரலை இறக்கி, வருத்தப்படாமல் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"பிள்ளைங்க எங்க இருந்தாலும் வானிலை வந்துருது, மதினி. தெய்வானை மகனைப் பத்திப் பொய் சொன்னாலும் அது நிஜம் சொல்லிருச்சு. உங்க வீட்டுக்கு மட்டும் ஒண்ணும் வரலைன்னா... பூரணி எங்கயாவது இருக்காளா, மதினி?"

உலகம்மை அவளைத் தலையிலிருந்து கால்மேஸ் வரைக்கும் பார்த்தாள். "எம் பொண்ணு இருக்காளா இல்லையான்னு ஒம் மொட்டைமாடிக் குண்டுகிட்ட கேட்டியா?" என்று சொல்லி, காலி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆனால் செண்பகவடிவு போன பிறகு டம்ளரைக் கழுவாமல் சமையலறையில் அப்படியே நின்றாள். மற்றவர்களுக்கெல்லாம் வந்தது, தனக்கு வரவில்லை. அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அந்தக் கம்பளிக்காரி நினைக்கிறாள், காலனி முழுக்க நினைக்கிறது. முதல் தடவையாக, அந்த மூடர்கள் நினைப்பது சரியாக இருந்துவிடுமோ என்று அவள் பயந்தாள்.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்ன விஷயங்கள் அவள் கண்ணில் பட்டன. தீக்குச்சி உரசினால் பற்றவில்லை. கடைக்காரனை அழைத்துத் திட்டினாள். அப்பளம் பொரித்து வைத்த சிறிது நேரத்தில் நமுத்தது. அப்பளக் கம்பெனியைத் திட்டினாள். போன வருஷம் பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்து உதிர்ந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் பக்கத்து வீடுகளின் கம்பியைக் காட்டினான், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுது தாண்டியதும் கிழக்குப் பக்கத்துக் கதவு தானாக அடித்துச் சாத்தியது. தெருவில் ஒரு இலை அசையாத நேரத்திலும் அவள் கொடியில் கிடந்த சேலை மட்டும் மேற்கே பார்த்துப் பறந்தது. ஒரு நாள் முற்றத்தில் நின்று உதட்டை நாக்கால் தடவினாள். உப்புக் கரித்தது.

அப்போது புரிந்தது. வானிலை வராமல் இல்லை. முதல் நாளே வந்துவிட்டது. ரொம்பத் தொலைவிலிருந்து வராததால் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். பூரணி உயிரோடு இருக்கிறாள். கடல் இருக்கிற ஏதோ ஒரு ஊரில், வெயில் இருக்கிற ஏதோ ஒரு ஊரில்.

உலகம்மை அன்றைக்குச் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தாள். செய்தியின் கடைசியில் ஊர் ஊராக மழையும் வெயிலும் சொல்கிற பகுதியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அது வேலையற்றவர்களுக்கானது என்று அணைத்துவிடுவாள். இப்போது காலனி மூடர்கள் செய்கிற அதே காரியத்தைத் தானும் செய்ய வேண்டியிருப்பது அவளுக்குக் கேவலமாக இருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டுதான் பார்த்தாள். சென்னையில் கனமழை என்றார்கள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள், கை நனையவில்லை. சென்னை இல்லை. நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். அவள் வீட்டில் ஒரு இலைகூட ஆடவில்லை. நாகப்பட்டினமும் இல்லை. கன்னியாகுமரியில் மேகமூட்டம், ஆனால் அவள் முற்றத்தில் நிழல் பளிச்சென்று விழுந்தது. பிறகு கார்த்திகை பிறந்த கொஞ்ச நாளில், செம்மண்பேரி வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்த ஒரு காலையில், அவள் வீட்டு மேலே மட்டும் குடம் குடமாகக் கொட்டியது. நடு வீட்டில் நின்றபடி செய்தியைப் போட்டாள். தூத்துக்குடியில் மட்டும் பலத்த மழை, தாழ்வான பகுதிகளில் தண்ணீர் என்றார்கள்.

மழைச் சத்தம் காலனிக்கே கேட்டது. ஆவுடையப்பன் குடையோடு வந்து கேட்டுக்கு வெளியே நனையாமல் நின்று, விசாரித்து, யோசித்து, செய்தி பார்த்து, அன்றைக்குச் சாயங்காலக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். தூத்துக்குடி என்றதும் முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாறாமல் ஒரே பஸ்ஸில் போகிற ஊர். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அதற்கு ஒரு வானிலை, அதற்கு ஒரு மழை. பலகையில் அதை எழுதவேண்டிய அவசியம் இல்லை என்று முடிவானது. குவைத் வீட்டுத் தெய்வானைகூடச் சிரித்தாள், தனக்குக் கீழே ஒருத்தி கிடைத்த சந்தோஷத்தில்.

உலகம்மை எழுந்து நின்றாள். "எம் பொண்ணு ஊருக்கு இந்த வாசல்லருந்தே பஸ் போவுது. உங்க பிள்ளைங்க ஊருக்கு எது போவுதுன்னு சொல்லுங்க, நானும் கேட்டுக்கிடுதேன்" என்றாள்.  அவள் நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்படிச் சொன்னவள் மறுநாள் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அந்த வாரம் ஏறவில்லை, அந்த மாதமும் ஏறவில்லை. மகள்தானே போனாள், மகள்தான் வர வேண்டும் என்று இருந்தாள். மகளுடைய காற்றிலேயே துணி உலர்த்தினாள், மகளுடைய வெயிலிலேயே கூந்தலைக் காயவைத்தாள், மகள் இருக்கும் ஊரில் புழுக்கமானால் இங்கே விசிறிக்கொண்டாள். சில மத்தியானங்களில் காற்று வந்து கதவைச் சாத்தும்போது, அங்கேயும் ஒரு கதவு இப்போது சாத்தியிருக்கும் என்று தோன்றும். அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே இகழ்ந்துகொள்வாள்.

இதற்கிடையில் ட்ரோம்சோவில் சூரியன் உதிப்பதை நிறுத்திவிட்டது. அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் இரண்டு மாதத்துக்கு அப்படித்தானாம். ஆவுடையப்பன் வீட்டில் மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு மங்கல், மற்றபடி பகலெல்லாம் இருட்டு. பலகையில் பூஜ்யம் என்று எழுதினார்கள். மாதக்கணக்கில் பூஜ்யம். காலனியில் அவருக்கு மாலை போட்டார்கள், பக்கத்து ஊர் சங்கங்களில் இருந்து ஆட்கள் டார்ச் லைட்டோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செண்பகவடிவு பகலில் எழுவதை நிறுத்தினாள். செம்பருத்தி கருகியது. துணி காயவில்லை, மனுஷன் காயவில்லை. எலும்பெல்லாம் வலிக்கிறது என்று டாக்டரிடம் போனதற்கு, அவர் மருந்துச் சீட்டில் வெயில் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் ஆவுடையப்பன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, உலகம்மையின் வீட்டுக்கு வந்தார். தெருவிலேயே வெயில் அடித்தது, ஆனால் தலைவர் தெருவில் உட்கார முடியாது. முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். தலைவருக்கு இவ்வளவு மட்டமான வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று உலகம்மை கேட்டாள். அவர் நாற்காலியைப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் விரட்டவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாள் செண்பகவடிவையும் கூட்டி வந்தார். கம்பளியை அன்றைக்குத்தான் அவள் கழற்றினாள். தினமும் வந்தார்கள், தினமும் உலகம்மை இரண்டு வார்த்தை குத்தலாகச் சொன்னாள், தினமும் காப்பியும் கொடுத்தாள்.

ஒரு நாள் ஆவுடையப்பன் கண்ணைத் திறக்காமலேயே பேசினார். மகனுடைய ஊரில் இன்றைக்கு எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம், பனி எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாராம். அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் தெரியாதாம். நாலு வருஷமாக அவன் முகத்தை நேரில் பார்க்கவில்லை. போனால் அங்கே தங்க விடுவானா என்றும் தெரியாது.

உலகம்மைக்கு அது நல்ல சமயமாகப் பட்டது. "பலகையில பூஜ்யம் எழுதும்போது இனிச்சுதுல்ல? அனுபவிங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில், ஜில்லா முழுக்க ஒப்பந்தக்காரர்களை நடுங்கவைத்த பழைய செயற்பொறியாளர் கொஞ்சம் மிச்சம் இருந்தார். "எனக்குப் போக வழியில்ல, நான் இங்க உக்காந்திருக்கேன். உங்களுக்கு வாசல்லயே பஸ் நிக்குது, நீங்களும் இங்கதான் உக்காந்திருக்கீங்க. இதுல யாரு பெரிய முட்டாள்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார்.

ஆயுசு முழுக்க அடுத்தவர்கள் மேல் வீசிய சரக்கு தன் மேலேயே வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று உலகம்மை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். 

தை பிறந்ததும் பஸ் ஏறினாள். தூத்துக்குடியில் இறங்கி, நிழலில் நின்று, இனிமேல் எங்கே போவது என்று யோசித்தாள். லாரி ஆபீஸ் ஒன்றில் விசாரித்தாள். டிரைவர் பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். தெரியாது என்றாள். எந்த ஊர்க்காரர் என்றார்கள். தெரியாது. உங்களுக்கு அவர் என்ன வேண்டும் என்றார்கள். மருமகன் என்றாள். அங்கிருந்த கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில், அவள் தன் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வந்தவர்களைப் பார்த்த பார்வை அப்படியே இருந்தது. வெளியே வந்துவிட்டாள்.

பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் தேடினாள். ஒரு தெரு முனையில் நின்று காற்றைப் பார்ப்பாள். தன் வீட்டுக் காற்று மாதிரி இல்லை என்றால் நடப்பாள். துறைமுகம் பக்கம் போனாள், அங்கே மீன் வாடை அதிகம், அவள் முற்றத்தில் அந்த வாடை அடித்ததில்லை. கடைத்தெருவில் வெயில் சுவர்களில் பட்டுச் சூடாக வந்தது, அவள் முற்றத்து வெயில் அப்படி இல்லை. அது தரையிலிருந்து எழும்பிக் கண்ணைக் குத்துகிற வெள்ளை வெயில். அந்த வெயில் எங்கே அடிக்கிறது என்று ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, உப்பளத்துப் பக்கம் அடிக்கும் என்று சொல்லி, கொண்டுபோய் இறக்கிவிட்டார். இறங்கிய இடத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். காற்று வந்து சேலையை மேற்கே இழுத்தது. இந்த வெயிலை அவள் மாதக்கணக்காக அறிவாள். இது அவள் வீட்டு வெயில்.

அங்கே லாரிகள் எடை போடுகிற மேடை ஒன்று இருந்தது. பக்கத்தில் சின்ன அறை, அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து ஒரு பெண். உலகம்மையின் நிழல் ஜன்னலில் விழுந்ததும் அவள் தலை நிமிராமலேயே கேட்டாள்.

"வண்டி நம்பர் என்ன?"

"பஸ்லதான் வந்தேன்" என்றாள் உலகம்மை.

பூரணி நிமிர்ந்தாள். கறுத்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது, நெற்றியில் கூலிங்கிளாஸை ஏற்றிவிட்டிருந்தாள். கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாள். அதற்குள் பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. "தள்ளி நில்லுங்க, வண்டி ஏறணும்" என்றாள். அந்த லாரியை எடை போட்டாள், அடுத்ததையும் எடை போட்டாள், அதற்கடுத்ததையும் போட்டாள். உலகம்மை வெயிலில் நின்றாள். தன்னை நிறுத்தி வைப்பதில் மகள் காட்டிய அந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வரிசை முடிந்ததும் பூரணி வெளியே வந்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். உலகம்மை வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த வெயிலில் ஆவியாகிப் போயிருந்தன. அவள் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"உம் மாப்பிள்ளை பேரு என்னட்டி?"

பூரணி முகத்தை உப்புக் குவியல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜெபமணி என்றாள். இப்போது கொச்சிக்கு லோடு ஏற்றிப் போயிருப்பதாகச் சொன்னாள். அது மாத்திரம் அல்ல, நல்ல வெயில் அடித்தால்தான் உப்பு விளையும், உப்பு விளைந்தால்தான் வண்டி ஓடும், வண்டி ஓடினால்தான் சாப்பாடு, ஆகவே இங்கே யாரும் வெயிலைக் குறை சொல்வதில்லை என்றும், குறை சொல்வதாக இருந்தால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னாள். உலகம்மை குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவளைப் பூரணி வீட்டுக்குக் கூப்பிடவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தாள். மாசியில் போனபோது வீட்டைக் காட்டினாள். பங்குனியில் போனபோது ஜெபமணி இருந்தான். உட்காருங்கள் என்று உலகம்மை அவனிடம் சொன்னாள், அவன் வீட்டிலேயே அவனிடம் சொன்னாள், அவனும் உட்கார்ந்தான்.

காலனியில் பலகைக்குக் கஷ்டகாலம் வந்தது. வைகாசி முடிவதற்குள் ட்ரோம்சோவில் சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது. ஆவுடையப்பன் வீட்டு மொட்டைமாடிக் குண்டு ராப்பகலாக அட்டையைச் சுட்டது. பலகையில் அவருக்கு எதிரே இருபத்து நான்கு என்று எழுத வேண்டி வந்தபோது வாட்ச்மேன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். பலகைக் கணக்கில் காலனியிலேயே கடைசி வீடு இப்போது தலைவர் வீடு. மாலை போட்டவர்கள் அவரைக் கண்டதும் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தார்கள். மான்செஸ்டர் வீட்டுக்காரர் தலைவர் தேர்தல் வேண்டும் என்றார். ஆவுடையப்பன் ஒரு காலையில் எழுந்து போய், பலகையைக் கழற்றி, தலையில் வைத்துச் சுமந்துவந்து தன் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு வெயில் மறைப்பாக அடித்துவிட்டார். கேட்டவர்களிடம், செண்பகவடிவுக்குத் தூங்க இருட்டு வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பூரணியும் ஜெபமணியும் இறங்கி நடந்து வந்தார்கள். அவர்கள் கடைசி வீட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் முற்றத்தில் காற்று நின்றது. கொடியில் பறந்துகொண்டிருந்த சேலை தொங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெறும் செம்மண்பேரி வெயில், தெருவில் அடித்த அதே வெயில், ஓர் ஓட்டையும் இல்லாமல் அந்த வீட்டின் மேல் இறங்கி நின்றது. காலனிக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்தார்கள். தெய்வானை உதட்டைப் பிதுக்கினாள். மான்செஸ்டர் வீட்டம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், பாவம், தூத்துக்குடியாவது இருந்தது, இப்போது அந்த வீட்டுக்கு அதுவும் இல்லாமல் போய்விட்டது என்றாள்.

உள்ளே பூரணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது என்ன வெயில், எங்கள் ஊர் தேவலாம், காற்றாவது வரும் என்று அலுத்துக்கொண்டாள். உலகம்மை மின்விசிறியை ஜெபமணி பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இரண்டாம் தடவை சோறு போடுவதற்காகக் கரண்டியை எடுத்தாள்.